பொதுவியல்பும் தன்னியல்பும்

(பேராவூரணியில், மேனிலைப் பள்ளி மாணவரும் ஆசிரியரும் தமிழன்பரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பேராவூரணிப் பக்கத்து உழவர்க்கு நேரடி நெல் கொள்முதல் நிலையம் இன்னதென்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடையிலே, மேட்டூரில் திறந்த நீர் இவ்வளவு தொலைவு வந்து சேருமோ சேராதோ என்று வானையும் வாய்க்காலையும் மாறிமாறிப் பார்த்து விளைத்த நெல்லை அங்குக் கொண்டு குவித்து, மழைக்கு அஞ்சித் தார்ப்பாய் மூடி, முறை வருந்துணையும் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள். அந்நிலையத்தில் தைத்து அடுக்கப்பெறும் ஒரு மூட்டையைப் பற்றிச் சொல்லத்தக்கன யாவை என்று கேட்டால், உழவர் வீட்டுச் சிறுவனும் சொல்லிவிடுவான். இன்னார் நெல், இன்ன ஊரிலிருந்து வந்தது, ஈரம் பார்த்தபோது இத்துணை விழுக்காடு இருந்தது. இவை அந்த மூட்டைக்கே உரியன. அடுத்த மூட்டைக்குப் பொருந்தா. மூட்டைக்கு 40 கிலோ. ஈரத்தின் மேல்வரம்பு 17 விழுக்காடு. குவிண்டாலுக்கு இன்ன விலை. இவையோ எந்த ஒரு மூட்டைக்கும் தனியுரிமை அல்ல. பொதுவகை நெல்மூட்டை என்னும் பெயருக்கு உரிய அனைத்துக்கும் ஒருங்கே உரியன. மழை மிகுந்த ஆண்டுகளில் நடுவணரசு ஈரவரம்பைத் தளர்த்துவதுண்டு. 2022ஆம் ஆண்டுக் குறுவை நெல்லுக்கு அஃது 19 விழுக்காடாக உயர்த்தப்பெற்றது. அவ்வாறு தளர்த்தும்போது ஒவ்வொரு மூட்டையாகச் சென்று யாரும் எழுதிக் கொண்டிருப்பதில்லை. வரம்பு ஓரிடத்தில் மாறுகின்றது. மூட்டை அனைத்துக்கும் மாறிவிடுகின்றது.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் பெரிதும் முயன்று கற்கும் ஒரு வேறுபாடு இதுவே. உழவர் மக்களுக்குக் களத்துமேட்டில் விளங்கிய இச்செய்தி, பள்ளியில் பாடமாக வரும்போது மட்டும் ஏன் விளங்காமற் போகின்றது என்பதுதான் இன்று ஆராயத்தக்கது.

புதிய பாடத்திட்டத்தின்படி, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ என்னும் நிரல்மொழியும், 2019ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்னும் நிரல்மொழியும் கற்பிக்கப்பெறுகின்றன. இவ்விரண்டிலும் பொருள்நோக்கு நிரலாக்கம் என்னும் முறை இடம்பெறுகின்றது. ஒரே அமைப்புடைய பல பொருள்கள் வேண்டுமெனில், முதற்கண் அவற்றுக்கு ஓர் அச்சு வார்ப்பது; பிறகு அவ்வச்சிலிருந்து வேண்டுமளவு உருக்களை எடுப்பது; இதுவே அம்முறை. செங்கல் அறுப்போர்க்கு இதுவும் புதிதன்று. நார்வே நாட்டு ஓசுலோவில் ஓலே யோகான் தால், கிறித்தன் நிகார்து என்னும் அறிஞர் இருவர் அமைத்த சிமுலா 67 என்னும் மொழியில் இம்முறை முதன்முதல் உருப்பெற்றது. அச்சுக்கு உரிய மதிப்பும் உருவுக்கு உரிய மதிப்பும் வேறு வேறு எனப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயரிட்டு வழங்கியது 1980ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் சுமால்டாக்கு மொழி.

அவ்வச்சுக்கு நம் பாடநூல் இட்ட பெயர் இனக்குழு என்பது. பாடநூல் எழுதினோர் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து வையாமல் தமிழில் ஒரு சொல் காண முயன்றனர், அம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் சொல் பொருந்தவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இனக்குழு என்பது, குருதியுறவாலும் குடிவழக்காலும் ஒன்றுபட்டு வாழும் மக்கட் கூட்டத்துக்கு மாந்தவியலார் நெடுநாளாக வழங்கிவரும் பெயர். குழு எனின் உறுப்பினர் பலர் சேர்ந்திருத்தல் வேண்டும். அச்சோ குழு அன்று. ஒரு செங்கல்லும் அறுக்காதபோதும் அச்சு அச்சாகவே இருக்கும். இனி, அதனோடு மாறி என்னும் சொல்லைச் சேர்த்துச் சுருக்கினால் இனமாறி என்றாகும். அஃது இனத்தை விட்டு ஓடியவனைச் சுட்டும் வசைபோல் ஒலிக்கும். மற்றையதை உருமாறி எனச் சுருக்கினால், கதையில் வரும் மாயக்காரன் நினைவே வரும். வகுப்பு என்று சிலர் எழுதுகின்றனர். பள்ளியில் வகுப்பில் அமர்ந்து வகுப்பு எழுதுவது என்னும் குழப்பம் அதில் உண்டு. வகை என்னும் எளிய சொல் போதும். நெல்லில் ஒரு வகை, மீனில் ஒரு வகை என்று நாள்தோறும் வழங்கும் சொல் அது.

வகை கிடைத்தது. வகைக்கு உரியதற்கும் ஒவ்வொன்றுக்கும் உரியதற்கும் என்ன பெயரிடுவது? இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டுவதே இல்லை என்பதுதான் வியப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய திருத்துறையூர் அருணந்தியார், தம் சிவஞானசித்தியார் என்னும் நூலின் அளவைப் பகுதியில், ஒரு பொருளை அறியும் வழியை இரண்டாகப் பகுக்கின்றார். பிற வகைப் பொருள்களினின்றும், தன் வகையைச் சேர்ந்த ஏனைப் பொருள்களினின்றும் ஒன்றனைப் பிரித்துக் காட்டுவது தன்னியல்பு. பிற வகைகளினின்று மட்டும் பிரித்துக் காட்டித் தன் வகை முழுதுக்கும் ஒத்து நிற்பது பொதுவியல்பு. பொருள்களை அளந்தறிய இவ்விரண்டே போதும் என்பது அவர் முடிவு. வகை என்னுமிடத்தில் அவர் வடசொல்லை ஆளுகின்றார். அச்சொல் பிற்காலத்தில் என்ன தீங்குக்கெல்லாம் ஆளாயிற்று என்பது அவையினர் அறிந்ததே. ஆதலால் அதனை விட்டு வகை என்றே கொள்வோம்.

இதனால் அருணந்தியார் கணிப்பொறி கண்டார் என்று யாரேனும் மேடையேறி முழங்கினால், அது தமிழுக்குப் பெருமையன்று, நகைப்புக்கிடம். அவர் ஆராய்ந்தது அறியும் முறையை. தாலும் நிகார்தும் ஆராய்ந்தது பொறியை இயக்கும் முறையை. ஆனால் வகையையும் அதன் உறுப்பையும் பிரித்து எண்ணவேண்டிய இடத்துக்கு வந்த எவரும் இக்கவர்வழியில் நின்றே ஆகவேண்டும். நின்று எண்ணிய தமிழர் இட்ட பெயர்கள் எழுநூறு ஆண்டுகளாக நூலில் உள்ளன. அவற்றை எடுத்தாளாமல், ஆங்கிலச் சொல்லின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை ஒட்டி ஒட்டிப் பொம்மை செய்வதுதான் வருந்தத்தக்கது. எவர்க்கும் திறந்த என்னும் பொருளில் பொது என்னும் சொல்லும் நிரலாக்கத்தில் வழங்குகின்றதே, பொதுவியல்பு என்றால் அதனோடு குழம்பாதோ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த இடத்துக்கு வெளிப்படை என்பதே பொருத்தமான சொல். பொதுவியல்பை அதற்குரிய இடத்தில் இருக்கவிடலாம்.

நூல் கிடக்கட்டும். கல்லாதவரும் இவ்வேறுபாட்டை நாள்தோறும் பிழையின்றிப் பேசுகின்றனர் என்பது அதனினும் பெரிய செய்தி. உழவர்கள் தத்தம் வயலில் நட்டனர். தம் ஏரியைக் காத்தனர். இவ்விரு தொடரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தத்தம் என்றவுடன் ஆளுக்கொரு வயல் கண்முன் வருகின்றது. தம் என்றவுடன் அனைவர்க்கும் ஓர் ஏரி. இரண்டு தகரமெய்யும் ஓர் உயிரும் கூடினமையால், பலவாய் இருப்பது இது, ஒன்றாய் இருப்பது அது என்று கேட்போன் பிரித்தறிகின்றான். பைத்தான் மொழியில் தன்னியல்பை எழுதும்போது அதன் முன்னே செல்பு என்றொரு சொல்லும் ஒரு புள்ளியும் இடுவர். அச்சொல் தமிழில் தன் என்பதேயாம். அப்புள்ளி யாது? ஆறாம் வேற்றுமை உருபு! மூட்டையது ஈரம், வகையது விலை என்பதில் உள்ள அது என்னும் உருபின் வேலையைத்தான் அப்புள்ளி செய்கின்றது. வேற்றுமை படித்த மாணவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க எத்துணை நேரம் பிடிக்கும்?

இனி, பெயர் விளங்கியபின் செயலில் நேரும் இடர்ப்பாடுகளைப் பார்ப்போம். இவற்றில்தான் மாணவர் வழுக்கி விழுகின்றனர்.

பைத்தானில் ஒரு பொருளின் இயல்பு யாது என்று கேட்டால், அது முதற்கண் அப்பொருளிடமே தேடும். அங்கு இல்லையேல் வகையிடம் தேடும். அங்கும் இல்லையேல், அவ்வகை எதனினின்று கிளைத்ததோ அம்மேல்வகையிடம் செல்லும். கேட்கும்போது இவ்வாறு மேலேறும் மொழி, எழுதும்போது ஏறாது. இம்மூட்டையது விலை இவ்வளவு என்று எழுதினால், வகையில் உள்ள விலையை அது தொடாது. அம்மூட்டையிடமே விலை என்னும் பெயரில் புதிதாக ஒன்றை எழுதிவிடும். அதன்பின் அம்மூட்டையைக் கேட்போர்க்குப் புதியதே தெரியும். பொதுவிலை அதன் பின்னே மறைந்துவிடும்.

இதனால் என்ன கேடு என்பதை உருபாக் கணக்கிலேயே பார்க்கலாம். நடுவணரசின் விலையும் தமிழ்நாட்டரசின் ஊக்கத்தொகையும் கூடி, 2024-25ஆம் பருவத்தில் பொதுவகை நெல்லுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு 2405 உருபா. 2025-26இல் அது 2500 உருபா ஆயிற்று. 40 கிலோ மூட்டைக்கு முன்னது 962 உருபா. பின்னது 1000 உருபா. ஒரு நிரலில் வகையது விலையை 2500 என்று மாற்றினால், அனைத்து மூட்டைக்கும் 1000 உருபா வந்துவிட வேண்டும். ஆனால் முன்பு யாரோ ஒருவர் ஏதோ ஒரு திருத்தத்தின்போது குறிப்பிட்ட சில மூட்டைகளின்மேல் 2405 என்று தனியே எழுதிவைத்திருந்தால், அவை பழைய விலையிலேயே நின்றுவிடும். பொறி பிழை என்று கூவாது. அம்மூட்டைக்கு உரியவர் மூட்டைக்கு 38 உருபா இழப்பார். நூறு மூட்டைக்கு 3800 உருபா. ஏன் என்று அவருக்கும் தெரியாது, நிலையத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

அப்படியாயின் விலையை எப்போதும் வகையிலேயே வைத்தல் நன்றோ? அதுவும் அன்று. சென்ற பருவத்தில் விற்று, தொகையும் பெற்றுவிட்ட மூட்டையை எண்ணிப் பாருங்கள். அதன் விலையைக் கேட்டால், நிரல் வகையிடம் சென்று 2500 என்று சொல்லிவிடும். அவருக்குக் கொடுத்ததோ 2405. ஏடு முழுதும் பொய்யாகிவிடும். ஆகவே விற்பனைக்குமுன் விலை பொதுவியல்பு. விற்ற நொடியில் அம்மூட்டை எவ்விலைக்குப் போயிற்று என்பது அதன் தன்னியல்பாய் எழுதப்பெறல் வேண்டும். எது பொது, எது தனி என்பதைப் பொறி முடிவு செய்யாது; மொழியும் முடிவு செய்யாது. உலகியலறிந்த மாந்தன்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் நெற்களம் கண்ட பிள்ளை, அதனைக் காணாத பிள்ளையை விஞ்சுவான். ஆனால் பாடம் அவனுக்கு விளங்கும் மொழியில் இருந்தாலன்றோ!

எண்ணிக்கையில் நேரும் இடர் இன்னொன்று. பாடநூலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: வகையில் ஓர் எண்ணைச் சுழி என்று தொடங்கி, ஒவ்வோர் உரு பிறக்கும்போதும் ஒன்று கூட்டுவது. அவ்வெண் வகையினுடையது என்று முன்னே வகைப்பெயர் இட்டு எழுதினால், மூன்றாம் உரு பிறந்தவுடன் மூன்று என்று காட்டும். மறந்துபோய்த் தன் என்று எழுதிவிட்டால், அவ்வுரு வகையிலிருந்து சுழியை எடுத்து, ஒன்று கூட்டி, தன்னிடம் எழுதிக்கொள்ளும். வகையில் சுழியே நிற்கும். அடுத்ததும் அப்படியே. ஆயிரம் மூட்டை வந்தாலும் ஒவ்வொன்றும் நானே முதல்வன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். (நம் இயக்கங்களிலும் இத்தகையோர் உளர், அது வேறு செய்தி.)

இதற்கு நேர்மாறான பொல்லாங்கு பட்டியலில் நேரும். உழவர் என்றொரு வகை செய்து, அவர் கொணர்ந்த மூட்டைகளுக்கு ஒரு வெறும்பட்டியலை வகையிலேயே வைத்துவிட்டால், ஓர் உழவரது பட்டியலில் சேர்த்த மூட்டை எல்லா உழவர் பட்டியலிலும் தோன்றும். முன்னே, எழுதினால் தனியே போகும் என்றீரே, இப்போது ஏன் பொதுவில் போயிற்று என்று மாணவன் மயங்குவான். பெயருக்குப் புதிய மதிப்பைச் சூட்டுதல் வேறு. பெயர் சுட்டும் பொருளின் உள்ளே ஒன்றைச் சேர்த்தல் வேறு. சூட்டினால் தன்னிடம் புதிது பிறக்கும். சேர்த்தால் புதிது ஏதும் பிறவாது; இருக்கும் ஒரே பட்டியல்தான் பெருகும். ஒரு கூடையைக் காட்டி, இது ஒவ்வொருவர் கூடையும் ஆகும் என்று நூறு பேரிடமும் சொல்லிவிட்டால், யார் போட்டாலும் அக்கூடையில்தானே விழும்! ஒவ்வோர் உழவர் பிறக்கும்போதும் அவருக்கெனப் புதுக்கூடை முடைந்து கொடுக்க வேண்டும்.

சி++ கற்று வந்த மாணவன் இங்கே இருமடங்கு மயங்குவான். அம்மொழியிலும் சாவா மொழியிலும், ஓர் உருவின் பெயரை முன்னிட்டுப் பொதுவியல்புக்குப் புதுமதிப்பு எழுதினாலும், அது வகையிலேயே சென்று எழுதப்பெறும், அனைத்துக்கும் மாறிவிடும். பைத்தானில் தன்னிடம் மட்டும் மாறும். ஒரே செய்கைக்கு இருவேறு விளைவு. இரண்டு ஆண்டும் அடுத்தடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதனை எச்சரித்துச் சொல்வது ஆசிரியர் கடமை.

அவ்விரு மொழிகளில் பொதுவியல்பைக் குறிக்க இசுடாட்டிக்கு என்றொரு சொல் வழங்குகின்றது. ஆங்கிலமே இருக்கட்டும், அதுதான் தெளிவு என்பார் இச்சொல்லைச் சற்று நோக்குவாராக. சி என்னும் பழைய மொழியில், நினைவகத்தில் ஓரிடம் நிரல் முடியுந்துணையும் அழியாது நிற்பதைக் குறிக்க எழுந்த சொல் அது. சி++ வந்தபோது, புதுச்சொல் ஆக்குவானேன் என்று அதனையே இங்கும் வைத்துக்கொண்டனர். நிற்பது இடம், அதில் உள்ள மதிப்பு அன்று. ஆங்கிலப் பிள்ளைகளும் அதனை மாறாதது என்று பிறழ உணர்கின்றனர். அதனை நேர்ச்சொல்லால் நிலையான மாறி என்று பெயர்த்தால், நிலைத்தது எப்படி மாறும், மாறுவது எப்படி நிலைக்கும் என்று தமிழ்ப்பிள்ளை திகைப்பான். மாறாத மதிப்புக்கு மாறிலி என்று வேறொரு நல்ல சொல் உண்டு. அதனோடும் இது மயங்கும். ஆங்கிலச் சொல்லில் உள்ள குறையையும் சேர்த்துச் சுமந்து வருவது மொழிபெயர்ப்பு அன்று. பொதுவியல்பு என்று சொல்லிவிட்டால் அது மாறுமா மாறாதா என்னும் ஐயமே எழாது. எவர்க்கு உரியது என்பது மட்டும் விளங்கும். வேண்டியதும் அதுதான்.

பணிக்குச் சென்றால் ஆங்கிலச் சொல்தானே வழங்கும் என்பது பெற்றோரின் அச்சம். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. தென்னை விற்ற காசைக் கட்டணமாகக் கட்டுபவர் அவர். ஆங்கிலச் சொல்லையும் கற்கட்டும். கருத்து விளங்கியவனுக்கு இன்னொரு பெயர் கற்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. கருத்து விளங்காமல் பெயரை மட்டும் நெட்டுருப் போட்டவன், தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவான்; நிரல் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. நிரல்மொழியின் கட்டளைச்சொற்களையே தமிழாக்கி முத்து அண்ணாமலை எழில் என்னும் மொழியைச் செய்தளித்தார்; அது நன்முயற்சி. ஆனால் கட்டளைச்சொற்கள் சிலவே. அவை ஆங்கிலமாயினும் பத்து நாளில் பழகிவிடும். பழகாது வருத்துவன கருத்துப்பெயர்களே. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது முதல், வகைக்கும் இயல்புக்கும் தமிழ் எழுத்திலேயே பெயரிட அம்மொழி இடந்தருகின்றது. நெல்மூட்டை, ஈரம், விலை என்று பெயரிட்டு எழுதினால் பொறி தடையின்றி ஏற்றுக்கொள்ளும். ஆசிரியர்கள் நாளையே வகுப்பில் செய்து பார்க்கலாம்.

முடிக்குமுன், மாணவர்க்கு ஒரு பயிற்சி. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் இப்பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை மறந்தவர் இங்கு எவரும் இரார். விழுந்த மரம் ஒன்றுக்கு 600 உருபாவும், அதனை வெட்டி அகற்ற 500 உருபாவுமாக 1100 உருபா இழப்பீடு என்று அரசு அறிவித்தது. தோப்பு என்றொரு வகை செய்க. மரம் ஒன்றுக்கு உரிய தொகை எங்கே நிற்க வேண்டும்? ஒரு தோப்பில் விழுந்த மரங்கள் எங்கே? எல்லாத் தோப்பிலும் விழுந்தவற்றின் கூட்டுத்தொகை எங்கே? முதலாவதும் மூன்றாவதும் பொதுவியல்பு, நடுவணது தன்னியல்பு என்று இந்நேரம் பலர் சொல்லியிருப்பீர். நான்காவதாக ஒன்று உண்டு: ஒரு தோப்புக்காரர்க்குச் சேரவேண்டிய முழுத்தொகை. அதனைத் தோப்பிலும் எழுதிவைத்தல் ஆகாது, வகையிலும் எழுதிவைத்தல் ஆகாது. கேட்குந்தோறும் பெருக்கிச் சொல்லுமாறு செய்தல் வேண்டும். எழுதிவைத்துவிட்டு, மரத்துக்கு உரிய தொகையையோ மர எண்ணிக்கையையோ பின்னர் ஒருவர் திருத்தினால் என்ன நேரும் என்பதை மாணவர் தத்தம் கணிப்பொறியில் எழுதிப் பார்ப்பாராக.